நாங்கள் வாசிக்காத இசை

நான் ஹோர்ன் வாசிக்கத் தொடங்கியது விரும்பி அல்ல. ஒஸ்லோவின் ஒரு புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகள் எல்லோரும் மூன்றாம் வகுப்பு வந்ததும் பள்ளிக்கூடக் கோர்ப்ஸில் சேர்ந்தார்கள். கோர்ப்ஸ் என்பது மே பதினேழாம் திகதி, தேசிய தினத்தன்று, தெருவில் அணிவகுத்து வாசித்துக்கொண்டு போகும் காற்றுவாத்தியக் குழு. நான் புல்லாங்குழல் கேட்டேன். அது முடிந்துவிட்டது, இதுதான் இருக்கிறது என்று நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு பித்தளை வாத்தியத்தைக் கையில் தந்தார்கள். ஹோர்னில் பிழை விட்டால் மண்டபம் முழுவதும் கேட்கும். சரியாக வாசித்தால் யாரும் கவனிப்பதில்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதைக் கோயிலிலையும் ஊதேலாது, கலியாண வீட்டிலையும் ஊதேலாது. பிறகென்னத்துக்கு?” என்று கேட்டார்.

நான் விடவில்லை. மருந்தியல் படிக்கப் பல்கலைக்கழகம் போனபோது அங்கிருந்த மாணவர் காற்றுவாத்தியக் குழுவிலும் சேர்ந்தேன். அறுபது பேர் வரையில் இருந்தோம். குழுவாக எடுத்த படங்களில், அத்தனை வெள்ளை முகங்களுக்கு நடுவே, என்னைத் தேடத் தேவையில்லை. அவளையும் தேடத் தேவையில்லை. மற்ற எல்லோரையும்தான் தேட வேண்டும்.

அவள் பாஸ் ட்ரொம்போன் என்ற நீண்ட பித்தளை வாத்தியத்தை வாசித்தாள். நகரத்தின் மறுமுனையான ரொம்மனில் பிறந்து வளர்ந்தவள். தாய் இளம் வயதில் ஆபிரிக்க நாடான காம்பியாவிலிருந்து வந்து, ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தார். அவள் இசையியல் படித்தாள். சொந்தமாக இசையும் எழுதினாள். ஒத்திகையில் ட்ரொம்போன்காரர்கள் எங்களுக்குப் பின்னால் இருப்பார்கள். அவளுடைய வாத்தியத்தின் வாய் எப்போதும் என் பிடரிக்கு நேராக இருந்தது. சேர்ந்த புதிதில், இடைவேளை ஒன்றில் அவள் முன்னால் குனிந்து, “குறை நினைக்காதை, உன்ரை தலைக்கு மேலாலைதான் ஊதுறன்” என்றாள். நாங்கள் பேசியது நோர்வேஜிய மொழியில்தான். ஆனால் அவள் சொன்னவை எல்லாம் என் நினைவில் எங்கள் வீட்டுத் தமிழில் கிடக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவளுக்கு உண்மையிலேயே கொஞ்சம் தமிழ் தெரியும் என்பதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அறிந்தேன். ஒரு சனிக்கிழமை ஒத்திகை முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தார். அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடியே, விளங்காதுதானே என்ற துணிவில் குரலைக்கூடத் தாழ்த்தாமல், அம்மாவிடம் கேட்டார்:

“இந்தக் கறுவல் பெட்டை எங்கடை உறைப்பைத் தாங்குமோ?”

அவள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி, சுத்தமான தமிழில், “ஓம். கறுவல் சாப்பிடும்” என்றாள்.

ரொம்மனில் அவளுடைய வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அந்தச் சொல்லைத்தான் அவள் முதன்முதலாகக் கற்றுக்கொண்டாளாம். மற்றச் சொற்கள் பிறகுதான் வந்தன. அப்பா ரிமோட்டை எடுத்துச் சனலை மாற்றினார். அம்மா அவளுடைய கோப்பையில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி வைத்தார். ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி மறித்தாள்.

“விடு. உன்னையும் உங்கடை ஆக்கள் அப்பிடித்தானே சொல்லுறவை?”

அது உண்மை. சிறு வயதில் கோயிலுக்குப் போனால் யாராவது ஒரு மாமி என் கன்னத்தைத் தடவி, “கறுப்பி நல்லா வளர்ந்திட்டாள்” என்பார். பிறகு அம்மாவிடம் முகத்துக்குப் பூச ஏதாவது கிறீமின் பெயரைச் சொல்லுவார். அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொல்லப்பட்டதால் கோபப்படவும் வழி இருக்கவில்லை.

குழுவின் வருடாந்தக் கூட்டம் ஒன்றில் அவள் எழுந்து ஒரு யோசனை சொன்னாள். இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் கறுப்பின இசையமைப்பாளர்கள் காற்றுவாத்தியக் குழுக்களுக்கென்றே நல்ல இசை எழுதுகிறார்கள், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதை வாசிக்கிறார்கள், எங்களுக்கு மட்டும் அது தெரிவதில்லை, ஒரு மாலை முழுவதும் அதை வாசித்தால் என்ன என்று கேட்டாள். சில பதிவுகளையும் போட்டுக் காட்டினாள். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு அப்போதைய தலைவர், “மிகவும் சுவாரசியமான எண்ணம். ஆனால் பார்வையாளர்களையும் நினைக்க வேண்டும் அல்லவா” என்றார். வாக்கெடுப்பில் திரைப்பட இசை நிகழ்ச்சி வென்றது. அவளுக்கு விழுந்தவை அவளுடைய கையும் என்னுடைய கையும், ஓபோ வாசிக்கும் ஒரு பெடியனின் பாதி உயர்த்திய கையும்தான். அந்த வசந்தத்தில் நாங்கள் விண்வெளிக் கப்பல்களுக்கும் கடற்கொள்ளையருக்கும் இசை வாசித்தோம்.

இரண்டு வருடங்கள் கழித்துப் புதிய நிர்வாகம் வந்தது. புதிய தலைவி அரசியல் விஞ்ஞானம் படித்தவள். எப்போதும் கம்பளிச் சுவெட்டர் போட்டிருப்பாள். யாரைக் கண்டாலும் கட்டியணைப்பாள். அவள் கெட்டவள் அல்ல. இதை நான் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குள் ஏதோ கசந்துகொண்டுதான் வருகிறது. அவள் ஒரு செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் எழுந்து, நிர்வாகத்துக்கு ஒரு புதிய எண்ணம் தோன்றியிருக்கிறது, அடுத்த நிகழ்ச்சி இன்றைய கறுப்பின இசையமைப்பாளர்களைக் கொண்டாடும் நிகழ்ச்சி என்று அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ட்ரொம்போன் வரிசையில் அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“அது உன்ரை எண்ணமெல்லே,” என்றேன் இடைவேளையில்.

“ஆர் சொன்னா என்ன? வாசிச்சாச் சரி.”

அவள் அப்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். தலைவி அவளிடம் போய், நீயும் இந்த நிகழ்ச்சிக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தாள். அறுபது பேருக்கு எழுதுவது, அதுவும் தன்னுடைய சொந்தக் குழுவுக்கு எழுதுவது அவளுடைய நெடுநாள் ஆசை.

இலையுதிர்காலம் முழுவதும் எழுதினாள். அந்தப் படைப்புக்கு ‘மாடிப்படி’ என்று பெயர் வைத்தாள். ரொம்மனில் அவர்கள் இருந்த கட்டடத்தின் மாடிப்படிதான் அது. சின்ன வயதில் அவள் ட்ரொம்போன் பழகும்போது கீழ்வீட்டுக் கிழவர் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டுவாராம், நிறுத்து என்று. அவள் நிறுத்துவதில்லை. அவரும் தட்டுவதை நிறுத்துவதில்லை. வருடக்கணக்கில் அப்படி நடந்ததில், அவர் தட்டுவது தன்னுடைய தாளத்தோடு சேர்ந்துவிட்டதை ஒருநாள் கவனித்தாளாம். அவருக்கு அது தெரியுமா தெரியாதா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. அவர் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். தட்டல் இல்லாமல் அவளால் கொஞ்ச நாள் ஒழுங்காக வாசிக்க முடியவில்லையாம். ‘மாடிப்படி’ அந்தத் தட்டலில்தான் தொடங்குகிறது. கட்டடத்தைத் திருத்தியபோது கழற்றிப்போட்ட பழைய குழாய் ஒன்றை அவள் ரயிலில் தூக்கிக்கொண்டு வந்து தாளவாத்தியக்காரர்களிடம் கொடுத்தாள். தட்டலுக்கு மேல் கதவுகள் சாத்தும் சத்தம், காலடிகள், எந்த வீட்டிலிருந்தோ வரும் பாட்டின் ஒரு துண்டு எல்லாம் வாத்தியங்களில் வரும். எல்லாம் அடங்கிய பிறகு ஹோர்ன் ஒன்று தனியாக, தாழ்ந்த சுரத்தில், நீண்ட ஒரு வரியை வாசிக்கும்.

“அது உனக்கு எழுதினனான்,” என்றாள். “ஒருத்தரும் கவனிக்காமல் வாசிச்சு உனக்குப் பழக்கம்தானே. இஞ்சை மட்டும் கவனிப்பினம்.”

எனக்கென்று ஒருவர் இசை எழுதித் தந்தது அதுவரை நடந்ததில்லை. வீட்டில் கழிவறைக்குள் இருந்துதான் அதைப் பழகினேன். எதிரொலி நன்றாக இருந்தது.

எங்கள் இசை நடத்துநர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பதமான குரல். ‘மாடிப்படி’யை முதன்முதலாக முழுவதும் வாசித்து முடித்தபோது அவர் கோலை வைத்துவிட்டுத் தாளைப் புரட்டினார்.

“மிக நேர்த்தியாக எழுதியிருக்கிறாய்,” என்றார். “ஆனால் கொஞ்சம் சாம்பல் பூத்தமாதிரி இருக்கிறதே. அந்த மாலை ஒரு கொண்டாட்டம் அல்லவா? உன்னுடைய பின்னணியிலிருந்து ஏதாவது சேர்க்க முடியாதா?”

“இதுதான் என்ரை பின்னணி. ரொம்மன்.”

“நான் சொல்வது அதற்கும் பின்னால்.”

“அதுக்குப் பின்னாலை என்ரை அம்மா. அவ நோர்வேக்காரற்ரை அக்கோர்டியன் நடனப் பாட்டுத்தான் கேக்கிறவ.”

எல்லோரும் சிரித்தார்கள். நடத்துநரும் சிரித்தார். அதன் பிறகு, இரும்புக் குழாய்க்குப் பதிலாக ஆபிரிக்கக் கைமேளம் ஒன்றைப் போட்டால் என்ன, ஒலியில் ஒரு வெப்பம் வரும் என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. இந்த நாட்டில் ஒருவரும் வற்புறுத்துவதில்லை. அடுத்த ஒத்திகையில் ‘மாடிப்படி’க்கு நேரம் போதவில்லை. அதற்கடுத்ததிலும் போதவில்லை.

இதற்கிடையில் படம் எடுக்க ஒருவர் வந்தார். அறுபது பேரில் எங்கள் இருவரைத்தான் முன்னால் கூப்பிட்டார்கள். அவள் நடுவில் ட்ரொம்போனோடு, நான் பக்கத்தில். எங்களுக்குப் பின்னால் மற்றவர்கள் மங்கலாக. ஓபோ பெடியன் பகிடியாக, “நாங்கள் எல்லோரும் திரைச்சீலை” என்றான். அவன் சொன்னது சரி. அந்தச் சுவரொட்டி பல்கலைக்கழகத்தின் பிளின்டர்ன் வளாகம் முழுவதும் ஒட்டப்பட்டது.

நிகழ்ச்சிக்கு முந்திய வாரம், ஒத்திகையின் முடிவில் தலைவி எழுந்தாள். ஒரு கடினமான முடிவு எடுக்க வேண்டி வந்திருக்கிறது, ‘மாடிப்படி’க்குப் போதிய பயிற்சி கிடைக்கவில்லை, அரைகுறையாக வாசிப்பது எழுதியவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது, அதனால் இந்த முறை எடுத்துவிடுகிறோம் என்றாள். அதற்குப் பதிலாக ஒரு பாட்டின் தாள்களை விநியோகித்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடும் மிகப் பழைய பாட்டு. அதைக் காற்றுவாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி மாற்றி எழுதியவர் ஒரு நோர்வேக்காரர். முன்பும் வாசித்திருக்கிறோம். கடைசியில் பார்வையாளர்கள் எழுந்து கைதட்டுவார்கள்.

அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “இதை மாத்தி எழுதினவர் ஆர்?”

தலைவி பெயரைச் சொன்னாள்.

“அவர் கறுப்பரோ?”

“இந்த நிகழ்ச்சியின் உணர்வோடு பொருந்தும் என்று நினைத்தோம்,” என்றாள் தலைவி. அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. உடனே கிளாரினெட்காரிகள் இருவர் எழுந்துபோய் அவளுடைய தோளைத் தடவினார்கள். படைப்பை இழந்தவளின் தோளை ஒருவரும் தடவவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ட்ரொம்போனைக் கழற்றினாள், துடைத்தாள், பெட்டியில் வைத்தாள், குளிர் மேலங்கியைப் போட்டாள். தாளவாத்தியங்கள் இருந்த பக்கம் போய்க் குழாயை எடுத்தாள். ஒரு தோளில் பெட்டி, மறு கையில் குழாய். கதவைத் திறக்க முடியாமல் நின்றபோது நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டு, அவளோடு ரயில் நிலையம் வரைக்கும் நடந்தேன். பனி உருகிச் சேறாகிக் கிடந்தது.

“நானும் வரேல்லை. விடுறன்,” என்றேன்.

“நீ வாசி. மற்ற நாலும் நல்ல இசை. நான்தான் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தனான், அதைக் கேக்க நான் இல்லாட்டிலும் பரவாயில்லை. ஆனா ஒழுங்கா வாசிக்க ஆராவது வேணும்.”

அதனால் நான் நின்றேன். அவளுடைய முகத்தைச் சுவரொட்டியிலிருந்து எடுக்கும்படி தலைவியிடம் கேட்டேன். அச்சடித்தாகிவிட்டது என்றாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். பிறகு, இன்னொரு விஷயம் என்று தொடங்கி, நிகழ்ச்சியை அறிமுகம் செய்து சில வார்த்தைகள் பேச அவளைத்தான் நினைத்திருந்தோம், இப்போது நீ பேசினால் எங்களுக்கு மிகவும் அர்த்தமுள்ளதாக இருக்கும் என்றாள். நான் கறுப்பினத்தவள் அல்ல என்றேன். “இல்லை, இல்லை, ஆனால் உனக்கு விளங்கும் அல்லவா” என்றாள். பேச வேண்டியதை எழுதியும் அனுப்பினாள். ‘வேறு இடங்களிலிருந்து இங்கு வந்து சேர்ந்த எங்களுக்கு’ என்று அது தொடங்கியது. நான் பிறந்த மருத்துவமனையிலிருந்து பிளின்டர்னுக்கு நடந்தே வரலாம்.

பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். என்ன பேசப்போகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி நகர மத்தியிலிருந்த ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. கூட்டம் நிறைந்திருந்தது. அப்பா வரவில்லை. அம்மா நேரத்தோடு வந்து, குளிர்ச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மூன்றாம் வரிசையில் இருந்தார். அந்த நான்கு படைப்புகளையும் நாங்கள் நன்றாகத்தான் வாசித்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒன்றில் கிளாரினெட்டுகள் எல்லாம் ஒரே மூச்சில் கீழிறங்கும். அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே நான் என் வரியைத் தவறவிடப் பார்த்தேன். இன்னொன்று வேகமானது, குறும்பானது, சபையைச் சிரிக்க வைத்தது. எழுதியவர்கள் உலகத்தின் மறுபக்கத்தில் உயிரோடு இருந்தார்கள். அவர்களால் வந்து குழாயைப் பற்றி விவாதிக்க முடியாது. அதனால் அவர்களைக் கொண்டாடுவது சுலபமாக இருந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால்தான் நான் பேச வேண்டியிருந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, தலைவி தந்த தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: இந்த நிகழ்ச்சியில் இன்னொரு படைப்பும் இருந்தது. அதை எழுதியவர் இந்த நகரத்தில் பிறந்தவர், எங்களோடு வாசித்தவர், இந்த மாலையே அவருடைய எண்ணம். போதிய அளவு கொண்டாட்டமாக இல்லை என்று அவருடைய இசை எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது நீங்கள் கேட்கப்போகும் பாட்டை மாற்றி எழுதியவர் கறுப்பினத்தவர் அல்லர். சுவரொட்டியில் இருக்கும் முகம் அவருடையது, அவர் இங்கு இல்லை. அவருடைய பெயர் இது. பெயரையும் சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது என்ன என்று இப்போது எனக்கே தெரியவில்லை. முணுமுணுப்பு, யாராவது எழுந்து கேள்வி கேட்பது, குறைந்தபட்சம் ஒரு சங்கடமான மௌனம். சபை கைதட்டியது. இதமாக, நீண்ட நேரம். நடத்துநர் முன்னால் வந்து என் தோளில் கை வைத்தார்.

“துணிவான வார்த்தைகளுக்கு நன்றி,” என்றார் சபையைப் பார்த்து. “இப்படியான உரையாடலுக்காகத்தான் இந்த மாலை. அவருடைய இசையை இன்னொரு முறை கேட்போம் என்று நம்புவோம்.”

மறுபடியும் கைதட்டல். நான் என் இடத்துக்குப் போய் ஹோர்னை எடுத்தேன். பழைய பாட்டை வாசித்தோம். சபை எழுந்து தாளத்தோடு கைதட்டியது.

பிறகு வெளி மண்டபத்தில் வாஃபலும் கோப்பியும். முத்துமாலை போட்ட ஒரு வயதான பெண் என் இரண்டு கைகளையும் பிடித்து, “உங்களுடைய இசையில் எவ்வளவு உயிர் இருக்கிறது” என்றார். எந்த இசை என்று கேட்டேன். “எல்லாமே” என்றார்.

ரயிலில் அம்மா குளிர்ச் சப்பாத்தின் நாடாவைத் தளர்த்தினார். பிறகு, “உன்ரை குரல் நடுங்கினது. நான் பயந்துபோனன்” என்றார். “அந்தப் பிள்ளையின்ரை பாட்டை ஏன் எடுத்தவை? சரியா வாசிக்கேலாமலோ?”

நடந்ததைச் சொன்னேன். குழாய், கைமேளம், படம், எல்லாம். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“உங்கடை அப்பா வாயாலை சொல்லுறார்,” என்றார் கடைசியில். “இவையள் சொல்லாமல் செய்யினம். அவ்வளவுதான்.”

அதோடு முடிந்திருந்தால் நான் செய்தது சரி என்ற நினைப்பாவது மிஞ்சியிருக்கும். யாரோ என் பேச்சைக் கைபேசியில் பதிந்திருந்தார்கள். அடுத்த நாள் குழுவே அதைத் தன் இணையப் பக்கத்தில் போட்டது. ‘நாங்கள் கடினமான விஷயங்களையும் பேசத் துணிந்த குழு’ என்று மேலே எழுதி, ஒரு இதயக் குறியும் வைத்திருந்தார்கள். பின்னேரம் அவள் எனக்கு அழைத்தாள்.

“என்ரை பேரை அங்கை சொல்லச் சொல்லி உன்னைக் கேட்டனானா?”

“உனக்காகத்தானே சொன்னனான்.”

“தெரியும். அதுதான் பிரச்சினை. நான் ஒரு இசையமைப்பாளரா இருந்தனான். இப்ப நான் எடுக்கப்பட்டவள். என்னைத் தெரியாத ஆக்கள் எல்லாம் எனக்கு ஆறுதல் எழுதினம். ஒருத்தராவது தாளை அனுப்பு, வாசிச்சுப் பாப்பம் எண்டு எழுதேல்லை.”

அந்தப் பதிவைப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுகிறேன் என்றேன். “இனி எடுத்தென்ன” என்றாள். அவளுடைய குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. தனக்குத் தேவைப்பட்டது அறுபது பேர் ஒழுங்காக வாசிப்பது மட்டும்தான் என்றாள். பிறகு தொலைபேசியை வைத்தாள்.

நான் தலைவிக்கு எழுதினேன். பதிவை நீக்குவதற்கு முன் ஒரு சந்திப்புக்குக் கூப்பிட்டார்கள். தலைவியும் நிர்வாகத்தில் இன்னும் இருவரும் வந்திருந்தார்கள். மேசையில் திராட்சைப்பழமும் மெழுகுவர்த்தியும் இருந்தன. என் பேச்சு முக்கியமானதுதான், ஆனால் குழுவில் சிலருக்கு அதற்குப் பிறகு மனம் பாதுகாப்பாக இல்லை, தாங்கள் குற்றம் சாட்டப்பட்டதாக உணர்கிறார்கள், குழுவின் நல்ல சூழலுக்கு எல்லோரும் பொறுப்பு, இதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார்கள்.

“அவளைக் கூப்பிட்டு இப்படிக் கேட்டீர்களா?” என்றேன்.

“அவர் தானாகவே விலகியவர்,” என்றாள் தலைவி. “அதை நாங்கள் மதிக்க வேண்டும்.”

என்னையும் அவர்கள் போகச் சொல்லவில்லை. கொஞ்சக் காலம் ஓய்வெடுத்து வந்தால் எனக்கும் நல்லது அல்லவா என்று மட்டும் சொன்னார்கள். பதிவு சில நாட்களில் நீக்கப்பட்டது. என் கையிலிருந்த ஹோர்ன் குழுவுக்குச் சொந்தமானது. அடுத்த வாரம் அதைக் கொண்டுபோய்க் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கொடுத்தேன். களஞ்சியத்துக்குப் பொறுப்பாயிருந்தவன் ஓபோ பெடியன். என் கையைப் பிடித்து, “நீ சொன்னது முழுக்கச் சரி” என்றான். அன்று மேடையில் எனக்கு இரண்டு கதிரை தள்ளித்தான் அவன் இருந்தான்.

விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா, “நல்லது. இனிப் படிப்பைப் பார்” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி.

அவள் மேற்படிப்புக்கு வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போனாள். போகும் முன் ஒருநாள் மத்திய ரயில் நிலையத்தின் மேடையில் தற்செயலாகக் கண்டோம். அங்கே ஒரு பித்தளைவாத்தியக் குழு ‘மாடிப்படி’யை வாசிக்கக் கேட்டிருக்கிறது என்று சொன்னாள். நான் சந்தோஷப்பட்டேன். பிறகு, “அந்தக் குழுவிலை உன்ரை மாதிரி ஹோர்ன் இல்லை. உன்ரை பகுதியை வேறை வாத்தியத்துக்கு மாத்திப்போட்டன்” என்றாள். வேண்டுமென்று நோகடிக்கச் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னாள். ரயில் வந்தது, ஏறினாள். இப்போது பிறந்தநாளுக்கு ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்புகிறோம்.

நான் படிப்பை முடித்து ஒரு மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, போன வருடம், அதே தலைவி எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அவள் இப்போது குழுவின் ஆலோசகர். அடுத்த நிகழ்ச்சி தென்னாசியாவின் குரல்கள் பற்றியது, நான் திரும்பி வந்து வாசித்தால் வட்டம் முழுமையாகும் என்று எழுதியிருந்தாள். நேரமில்லை என்று பதில் போட்டேன். விளங்குகிறது, தொடர்பில் இருப்பது எவ்வளவு நல்லது என்று எழுதினாள்.

சில வாரங்களில் ஒரு இளைஞன் என்னைத் தேடி மருந்தகத்துக்கு வந்தான். கோயம்புத்தூர்க்காரன், கடல் ஆராய்ச்சிக்காக ஒஸ்லோவுக்கு வந்தவன், கிளாரினெட் வாசிப்பவன். தலைவிதான் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நான் தமிழில் பேசத் தொடங்கியதும் அவன் ஒரு கணம் தயங்கி, பிறகு சிரித்தான்.

“உங்க தமிழ் கேக்க ரொம்ப நல்லா இருக்குங்க. நான் பேண்ட்ல புதுசா ஜாயின் பண்ணிருக்கேன். இந்தக் கான்செர்ட்ல எனக்கு ஒரு சோலோ தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நம்ம மியூசிக் பத்தி நானே ஒண்ணு கம்போஸ் பண்ணலாம்னும் சொன்னாங்க. நல்ல ஆப்பர்சூனிட்டி இல்லையா?”

அவனுக்குப் பின்னால் ஆட்கள் வரிசை இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு ஆர்வம்.

“என்ன எழுதப் போறியள்?” என்று கேட்டேன்.

“லேபுக்குப் பக்கத்துல ஹார்பர்ல கப்பல் சத்தம் கேக்கும். அதை வெச்சுப் பண்ணலாம்னு நெனைக்கறேன்.”

“அவையள் வேறை மாதிரி எதிர்பாப்பினம்.”

“வேற மாதிரின்னா?”

“உங்களை ஒண்டு பேசச் சொல்லியும் கேப்பினம்.”

“அது ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க,” என்றான். “பேசறதெல்லாம் எனக்கு நல்லா வரும்.”

நான் இன்னும் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் தொடங்கினேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது ஒரு களைத்த மனுசியின் எச்சரிக்கையாகத்தான் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கட்டாயம் வந்து கேளுங்க அக்கா என்று சொல்லிப் போனான். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

நான் போகவில்லை. அவன் என்ன வாசித்தான் என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. குழுவின் பக்கத்தில் ஒரு படம் மட்டும் கண்ணில் பட்டது. அவன் நடுவில் நின்றான், நன்றாகத்தான் சிரித்தான். கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள்.